மருத்துவ வினா விடை: சோரியாசிஸ் குளிசையும் ஈரல் ஸ்கானும்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை இரண்டு விடயங்களையே சுற்றியிருந்தன. ஒன்று, ஆண்டுக்கணக்காக மாறாத தோல்நோய். மற்றது, ஈரலில் ஏதோ தெரிவதாக எழுதப்பட்ட ஸ்கான் அறிக்கை. இவை வெவ்வேறு கிளினிக்குகளுக்கு உரியவை என்று தோன்றினாலும், முதலாவது கடிதமே இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்திருப்பதால், இம்மாதப் பக்கங்களை முழுவதும் இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் கணவருக்கு வயது 52. பதினொரு வருடமாகச் சோரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை, முதுகு எங்கும் செதில் செதிலாக உரிகிறது. நீரிழிவும் உண்டு. பூசும் மருந்துகள் போதாமல், தோல் வைத்திய நிபுணர் மெத்தோட்ரெக்சேற் குளிசை வாரத்துக்கு 15 மில்லிகிராம் எழுதினார். நான்கு மாதத்தில் தோல் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால், அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து, ஈரலைத் தின்றுவிடும் என்று கனடாவிலிருக்கும் மச்சாள் சொன்னதிலிருந்து அவர் குளிசையைத் தொட மறுக்கிறார். கடைசி இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியங்களான எஸ்.ஜி.ஓ.ரி. 40, எஸ்.ஜி.பி.ரி. 36, பிளேற்லெற் இரண்டு லட்சம். என்ன செய்வது, டொக்டர்?
— வாசகி, சாவகச்சேரி

உங்கள் மச்சாள் சொன்னதில் ஒரு பகுதி சரியானது. ஆனால் அந்த ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, வைத்தியரிடம் சொல்லாமல் குளிசையை நிறுத்துவது சரியன்று. இம்மருந்தின் வரலாறு புற்றுநோயில்தான் தொடங்குகிறது. 1940களின் இறுதியில், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்காக, போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் பயன்படுத்தப்பட்டன. 1951இல், அவ்வகை மருந்தொன்றை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க வைத்தியர்கள், சோரியாசிஸ் உள்ளவரின் தோல் எதிர்பாராமல் தெளிந்துவருவதைக் கண்டார்கள். மெத்தோட்ரெக்சேற் அந்த மருந்தின் உடன்பிறப்பு. சிலவகைப் புற்றுநோய்களுக்கு இதை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை ஏற்றுவதுண்டு. உங்கள் கணவருக்கு எழுதப்பட்டிருப்பதோ வாரம் முழுவதற்கும் 15 மில்லிகிராம்தான். இந்தச் சிறிய அளவில் அது செய்யும் வேலை, தோலுக்குள் காரணமில்லாமல் கிளர்ந்தெழுந்திருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களை அடக்குவதாகும். சாதாரணமாக நமது மேற்தோலின் கலங்கள் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ 28 நாட்கள் செல்லும். சோரியாசிஸ் உள்ள இடத்தில் மூன்று, நான்கு நாட்களிலேயே அது முடிந்துவிடுகிறது. இவ்வாறு முதிராமலே வந்துசேரும் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதைத்தான் வெள்ளிச் செதில்களாகக் காண்கிறோம்.

இனி ஈரலுக்கு வருவோம். இம்மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்களுள் சிலரது ஈரலில் நார்த்தன்மை உண்டாகக்கூடும் என்பது உண்மையே. அதனால் முன்னர், மொத்தமாக 1.5 கிராம் மருந்து உடலுக்குள் சென்றதும், அதாவது வாரம் 15 மில்லிகிராம் என்றால் 100 வாரங்கள் கழிந்ததும், ஈரலில் ஊசி குத்திச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. இப்போது அந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ஏனெனில், எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதைவிட, அது எப்படிப்பட்ட ஈரலுக்குள் சென்றது என்பதே முக்கியமான கேள்வி என்று ஆய்வுகள் காட்டிவருகின்றன. டென்மார்க்கின் நாடளாவிய சுகாதாரப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், இதே மருந்தை எடுத்த மூட்டுவாத நோயாளரைவிடச் சோரியாசிஸ் நோயாளரிடமே ஈரல் பாதிப்புக் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்து ஒன்றாயிருந்தும் விளைவு வேறாகிறது என்றால், வித்தியாசம் ஆட்களிடம் இருக்கிறது. சோரியாசிஸ் உள்ளவர்களிடம் அதிபருமனும், நீரிழிவும், ஈரலில் கொழுப்புப் படிதலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. தோலில் எரியும் அதே அழற்சி உடல் முழுவதும் மெல்லக் கனன்றுகொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. உங்கள் கணவருக்கு நீரிழிவும் இருப்பதால், மருந்தை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு ஈரலை மறந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அதில் பங்குபற்றிய 4,786 பேரும் இதயநோயுடன் நீரிழிவோ அதையொத்த வளர்சிதைக் கோளாறோ உள்ளவர்கள். அவர்களுள் ஒரு பாதியினருக்குக் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேற்றும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுக்கப்பட்டன. மாரடைப்பைத் தடுக்க அம்மருந்து உதவவில்லை. ஆனால் யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளருக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் நடந்த ஆய்வென்பதால், பக்கவிளைவுகளை நேர்மையாக அளக்க அது பெரிதும் உதவியது. ஈரல் நொதியங்கள் கூடுவதும் வெண்குருதிக் கலங்கள் குறைவதும் உண்மையிலேயே மருந்தால் நிகழ்கின்றன என்பது அங்கே தெளிவாயிற்று. கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் திகதியைத் தவறவிடக்கூடாது என்று நாங்கள் மீண்டும் மீண்டும் சொல்வது இதனால்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களையும் வைத்து, வீட்டு மேசையிலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.ரி.யால் பெருக்குங்கள்: 52 × 40 = 2,080. எஸ்.ஜி.பி.ரி. 36 இன் வர்க்கமூலம் 6. பிளேற்லெற்றை ஆயிரங்களில் எடுத்தால் 200. இவ்விரண்டையும் பெருக்க 1,200 வரும். 2,080ஐ 1,200ஆல் வகுத்தால் 1.73. இவ்வெண் 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய நார்த்தன்மை இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே இருந்தால் வாய்ப்பு அதிகம். உங்கள் கணவர் இடையில் நிற்கிறார். மூன்று எண்களையும் தனித்தனியே பார்த்தால் எதிலும் பெரிய குறை தெரியாது என்பதைக் கவனியுங்கள். சேர்த்துப் பார்க்கும்போதுதான் இன்னொரு படி மேலே பரிசோதிக்க வேண்டும் என்பது புலப்படுகிறது. அந்த அடுத்த படி, ஃபைப்ரோஸ்கான் எனப்படும், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பரிசோதனை. மூன்று மணித்தியாலம் எதுவும் உண்ணாமல் சென்று, வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்து மல்லாந்து படுக்க, விலா எலும்புகளுக்கிடையே ஒரு கருவியை வைத்து, விரலால் சுண்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, ஈரல் அவ்வளவு இறுகியிருக்கிறது என்று பொருள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இது தேவையா, எங்கே செய்யலாம் என்பதைத் தோல் வைத்தியரிடமே கேளுங்கள். முடிவு வரும்வரை குளிசையைத் தொடர்வதா, இடைநிறுத்துவதா என்பதையும் அவரே உங்கள் கணவரைப் பார்த்துச் சொல்லவேண்டும். கடிதம் மூலம் நான் சொல்வது முறையன்று.

ஆனால் ஒன்றை நான் உறுதியாகச் சொல்வேன். இக்குளிசை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. பல வருடங்களுக்கு முன், வாயெல்லாம் புண்ணாகி, ஒரு மிடறு தண்ணீரும் விழுங்க முடியாத நிலையில் ஒரு தாயாரை விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தபோது, குளிசை உறையின்மேல் யாரோ அவசரத்தில் ‘காலை 1’ என்று எழுதியிருந்தார்கள். கிளினிக் கொப்பியில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்தது. அந்த அம்மா உறையை நம்பி ஒன்பது நாட்கள் தொடர்ந்து எடுத்திருந்தார். வெண்குருதிக் கலங்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தன. மாற்றுமருந்து கொடுத்து, இரண்டு கிழமை விடுதியில் வைத்திருந்து மீட்டோம். அன்றிலிருந்து, ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதுவதோடு நான் நிறுத்துவதில்லை. ‘வெள்ளி’ என்று கிழமையின் பெயரையே சிவப்பு மையில் எழுதி, அதை நோயாளரைக் கொண்டு வாசிப்பித்த பின்னரே கொப்பியைக் கொடுக்கிறேன். இக்குளிசை 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருவதால், ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் எண்ணையும் பாருங்கள். போலிக் அமிலக் குளிசையை வைத்தியர் குறித்த வேறு நாளில் கொடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், விடாத வறட்டு இருமல் இவற்றுள் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கோ தடிமனுக்கோ வேறிடத்தில் மருந்து எடுக்கும்போது, மெத்தோட்ரெக்சேற் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் போன்ற சில மருந்துகள் அதனுடன் சேர்ந்தால் எலும்பு மச்சையைப் பாதிக்கும். கள்ளோ, சாராயமோ, கசிப்போ, இம்மருந்து எடுக்கும் காலத்தில் எதுவும் வேண்டாம்.

எனக்கு 61 வயது. எனக்குச் சோரியாசிஸ் இருப்பதால், பேரப்பிள்ளைகளைத் தூக்கக் கூடாது, துவாயையும் பாயையும் தனியாக வைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது தொற்றுமா?
— வாசகர், வேலணை

தொற்றாது. தொடுவதாலோ, ஒரே துவாயைப் பாவிப்பதாலோ, ஒரே கிணற்றடியில் குளிப்பதாலோ இது ஒருவரிலிருந்து மற்றவருக்குப் போகாது. உதிரும் செதிலில் கிருமி எதுவும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுவது பரம்பரை அலகினாலேயே அன்றித் தொடுகையினால் அன்று. இந்தப் பயம் பழையது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இந்நோயாளரையும் தொழுநோயாளர் என்றே எண்ணி ஒதுக்கிவைத்தார்கள். வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா 1841இல்தான் இரண்டும் வெவ்வேறு நோய்கள் எனத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 2014இல் உலக சுகாதாரப் பேரவை சோரியாசிஸ் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்திலும், நோயாளர் அனுபவிக்கும் ஒதுக்கல் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ளவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்குங்கள்.

கிரந்திச் சாப்பாட்டை விட்டு, கீரிமலையில் நாற்பது நாள் முழுகினால் சோரியாசிஸ் மாறும் என்கிறார்கள். சித்த மருத்துவ எண்ணெயும் பூசுகிறேன். இவை சரியா?
— வாசகர், அளவெட்டி

குதிரைமுகம் நீங்கப் பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் கீரிமலைக் கேணியில் ஒரு நம்பிக்கை இருக்கும். எனக்கும் உண்டு. மருத்துவமாகச் சொல்வதானால், வெயிலும் உப்புநீரும் சேர்ந்து சோரியாசிஸைத் தணிப்பது சாக்கடற் கரையில் நீண்டகாலமாக அவதானிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பெரும்பங்கு வேலை செய்வது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். அதே கதிரை 311 நனோமீற்றர் என்ற ஒடுங்கிய அலைநீளத்தில், அளந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உடலில் படச்செய்வதே இன்று ஒளிச்சிகிச்சை எனப்படுகிறது. ஆகவே காலை வெயிலில் முழுகிவருவதில் தவறில்லை. ஆனால் தோல் கருகும் அளவுக்கு நிற்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, செதிலைப் போக்குவதற்காகப் பீர்க்கந்தும்பாலோ தேங்காய்த் தும்பாலோ உரஞ்சித் தேய்க்கக்கூடாது. இந்நோயில், தோல் எங்கே காயப்படுகிறதோ அங்கேயே புதிய படை எழக்கூடும். கோப்னர் விளைவு என்று அதற்குப் பெயர். தும்பு கீறிய கோட்டின் வழியே நேராகச் செம்படை வரிசையாக எழுந்திருந்த முதுகொன்றை நான் பார்த்திருக்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை, கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய் என்று நாங்கள் கிரந்தி எனத் தள்ளிவைக்கும் உணவுகள் சோரியாசிஸைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. (இறால் தின்றதும் உடனே தடிப்பு எழுந்து கடிப்பது ஒவ்வாமை. அது வேறு நோய், அது உள்ளவர்கள் இறாலைத் தவிர்க்கத்தான் வேண்டும்.) ஆனால் உடல் எடை கூடியவர்கள் அதைக் குறைத்தால் சோரியாசிஸ் தணிகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. நண்டை விடுவதைவிடச் சோற்றின் அளவைக் குறைப்பதும், பின்னேரம் நடப்பதும் கூடிய பலன் தரும்.

வெட்பாலை இலையில் வடித்த ஊதா நிற எண்ணெயைப் பலர் பூசுகிறார்கள். சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்பது இந்த நோயையே. தகுதிபெற்ற சித்த வைத்தியரிடம் காட்டிப் பூசும் எண்ணெயில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே எடுக்கும் பற்பம், செந்தூரம், யாரோ பொதிசெய்து அனுப்பும் பெயரில்லாத தூள் ஆகியவை வேறு விடயம். அவற்றுள் உலோகமோ, சொல்லப்படாத ஸ்ரெரொயிட்டோ இருந்தால், பாதிக்கப்படுவது ஈரலும் சிறுநீரகமும்தான். ஸ்ரெரொயிட்டை எடுத்துத் திடீரென நிறுத்தினால் உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகச் சோரியாசிஸ் வெடிப்பதும் உண்டு. எதை எடுத்தாலும் இரண்டு வைத்தியர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மூன்று வருடமாகச் சிரோசிஸ் (ஈரல் நார்த்தழும்பாகி இறுகும் நோய்). கடந்த மாத அல்ட்ராசவுண்டில் ஈரலில் 18 மில்லிமீற்றர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது என்றார்கள். மருந்து ஏற்றி சி.ரி. ஸ்கான் எடுக்கவேண்டும், ஒரே தடவையில் பல முறை எடுப்போம் என்கிறார்கள். ஒரு ஸ்கானில் தெரிந்ததை ஏன் மறுபடியும் எடுக்கவேண்டும்? ஏன் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கவில்லை?
— வாசகி, கரவெட்டி

நல்ல கேள்விகள், அம்மா. விரிவாகவே சொல்கிறேன்.

அல்ட்ராசவுண்ட் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. அங்கே ஒன்று இருக்கிறது, இவ்வளவு பெரிது என்று அது சொல்லும். அது என்ன என்று சொல்ல அதனால் பெரும்பாலும் முடியாது. அதற்கு அந்தக் கட்டி எங்கிருந்து இரத்தம் பெறுகிறது என்று பார்க்கவேண்டும். ஏனைய பெரும்பாலான உறுப்புகளைப்போலன்றி ஈரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வாயிநாளம் வழியாகவும், மீதிக் கால்பங்கு ஈரல் நாடி வழியாகவும் வரும். சிரோசிஸ் உள்ள ஈரலில் ஒரு முடிச்சு மெல்ல மெல்லப் புற்றாக மாறும்போது, அது வாயிநாளத்துடனான தொடர்பை இழந்து, தனக்கென்று புதிய நாடிகளை வளர்த்துக்கொள்கிறது. ஸ்கான் தேடுவது இந்த மாற்றத்தையே.

முழங்கை மடிப்பில் ஊசி போட்டு, அயடீன் கலந்த மருந்தை வேகமாக ஏற்றுவார்கள். உடம்பு முழுவதும் ஒரு சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதுபோலவும் ஒரு கணம் தோன்றும். போவதில்லை, அப்பா பயப்படாதிருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏற்றத் தொடங்கி ஏறத்தாழ 35 வினாடியில் மருந்து நாடிகளில் நிறைந்திருக்கும். அப்போது எடுக்கும் படத்தில் ஈரல் இன்னும் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருக்க, நாடி இரத்தத்தில் வாழும் புற்றுக்கட்டி மட்டும் வெண்மையாக ஒளிரும். ஏறத்தாழ 70 வினாடியில் வாயிநாளம் நிறைந்து ஈரல் முழுவதும் வெளுக்கும். கட்டி அதற்குள் மறைந்துவிடலாம். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் படத்தில், சுற்றியுள்ள ஈரல் இன்னும் வெளுத்திருக்க, கட்டியிலிருந்து மருந்து வடிந்து அது கறுத்துப்போய் நிற்கும். சிலவேளை அதைச் சுற்றி மெல்லிய வெண்வளையமும் தெரியும். கதிரியல் நிபுணருக்கு அருகில் அமர்ந்து, இந்தப் படங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும்போது, அதே இடம் வெளுத்துப் பின் கறுப்பதை முதன்முறை கண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே படம் எடுத்திருந்தால், அந்த ஒரு கணத்தில் எதுவுமே தெரியாமல் போயிருக்கலாம். பல முறை எடுப்பதற்குக் காரணம் அதுவே.

சதைத்துண்டு பற்றிய கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. சிரோசிஸோ, ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸின் நாட்பட்ட தொற்றோ உள்ள ஒருவரிடம், 10 மில்லிமீற்றருக்குக் குறையாத கட்டியொன்று முதலில் ஒளிர்ந்து பின்னர் கறுத்தால், அது ஈரல் புற்றுநோய் என்று படத்தை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். உடலின் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இல்லாத வசதி இது. ஊசி குத்துவதில் இரத்தக்கசிவு அபாயமும், ஊசி சென்ற வழியே புற்றுக்கலங்கள் பரவும் சிறிய அபாயமும் உண்டு. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2011இல் அறிமுகப்படுத்திய லை-ராட்ஸ் என்ற ஒழுங்கின்படி, கட்டிகள் 1 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகின்றன. அறிக்கையில் 5 என்றால் புற்றுநோய் உறுதி. 4 என்றால் பெரும்பாலும் புற்றுநோய், பல துறை வைத்தியர்களும் கூடிப் பேசி முடிவெடுக்கவேண்டியது. 3 என்பது ஐயம், சில மாதங்களில் திரும்பப் பார்க்கவேண்டியது. அப்பாவின் அறிக்கையில் 3 என்று வந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 5 என்று வந்தாலும் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். 18 மில்லிமீற்றர் சிறிய அளவு. ஈரலின் மீதிப் பகுதி ஓரளவு நன்றாக இயங்கினால், மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளை ஊசிமுனை வெப்பத்தால் சுட்டு அழிக்கும் சிகிச்சையும், தகுந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு.

போவதற்கு முன், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியற்றினின் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருங்கள். நீரிழிவுக்கான மெற்போமின் எடுப்பவரானால் அதையும், முன்னர் எப்போதாவது ஸ்கான் மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கான் படங்களையும் கொண்டுசெல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது கதிரியல் நிபுணருக்குப் பெரிய உதவி.

நான் பல்கலைக்கழக மாணவன். சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுப்பதால் உண்மையில் உயிர் காப்பாற்றப்படுகிறதா? ஏன் ஆறு மாதம்? செயற்கை நுண்ணறிவு இதைச் சரிசெய்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், கொக்குவில்

இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு ஷங்காயில் நடந்து 2004இல் வெளியானது. ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்று இருந்தவர்களையும், ஒருகாலத்தில் நாட்பட்ட ஈரல் அழற்சி இருந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 18,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அப்பகுதியினரிடம் ஈரல் புற்றுநோயால் இறப்பது 37 வீதம் குறைந்தது. அழைக்கப்பட்ட பரிசோதனைகளில் 60 வீதத்துக்கும் குறைவானவற்றுக்கே மக்கள் வந்திருந்தும் இந்தப் பலன் கிடைத்தது என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. சிரோசிஸ் நோயாளரிடையே இவ்வளவு பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. ஆகவே உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால், கண்காணிப்பில் இருந்தவர்களின் கட்டிகள் சிறியதாக இருக்கும்போதே பிடிபடுவது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது.

ஆறு மாதம் என்பது, இக்கட்டி இரட்டிப்பாக எடுக்கும் காலத்தை ஒட்டிக் கணிக்கப்பட்டது. அது சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் வரை. இன்னும் அடிக்கடி எடுத்தால் நல்லதல்லவா என்று பிரான்சில் 1,278 சிரோசிஸ் நோயாளரிடம் மூன்று மாதத்தையும் ஆறு மாதத்தையும் ஒப்பிட்டார்கள். 2011இல் வந்த முடிவு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்ததால் சிறிய புற்றுக்கட்டிகள் கூடுதலாகப் பிடிபடவில்லை.

அல்ட்ராசவுண்டின் குறையையும் மறைக்கக்கூடாது. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடக்கநிலைப் புற்றுநோயில் அல்ட்ராசவுண்ட் தனியாகப் பிடித்தது 45 வீதம். ஏ.எஃப்.பி.யைச் சேர்த்தால் 63 வீதம். கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதமான ஏ.எஃப்.பி., வளர்ந்தவரில் மறைந்து, சில புற்றுக்கட்டிகளில் திரும்பவும் தோன்றுகிறது. எல்லாக் கட்டிகளும் அதைச் சுரப்பதில்லை என்பதால், இரண்டும் சேர்ந்தே தேவை. ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களிடம் ஒலி ஆழத்துக்குச் செல்லுமுன் மங்கிவிடும். நம் நாட்டுக்கு இது சிறிய பிரச்சினை அன்று. ராகமையில் நடந்த ஆய்வில், நகர்ப்புற வயதுவந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. இதனால் எம்.ஆர்.ஐ.யில் தேவையான சில படங்களை மட்டும் விரைவாக எடுத்துக் கண்காணிக்கும் முறை இப்போது ஆராயப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவு படங்களில் கட்டியைச் சுட்டிக்காட்டுவதில் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனால் அது எந்த நோயாளரின் படங்களைப் பார்த்துப் பழகியதோ அவர்களைப் போன்றவர்களிடமே நன்றாக வேலை செய்யும். ஹெப்பற்றைற்றிஸ் பி மிகுந்த நாடுகளின் படங்களில் பழகிய கருவி, நீரிழிவும் கொழுப்பு ஈரலும் மிகுந்த நம்மவரிடம் அதே திறனைக் காட்டுமா என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்கவேண்டும். உங்களைப் போன்ற மாணவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

சோரியாசிஸ் நாளடைவில் ஈரல் புற்றுநோயாக மாறுமா? தோல் வைத்தியர் ஊசி மருந்து தொடங்குமுன் ஹெப்பற்றைற்றிஸ் பி பரிசோதிக்கச் சொல்கிறார். எனக்கு ஏன் அந்தச் சந்தேகம்?
— வாசகி, பருத்தித்துறை

சோரியாசிஸ் புற்றுநோயாக மாறாது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு, முன்னர் சொன்ன கொழுப்பு ஈரலின் வழியானது. கொழுப்பு ஈரல் சிலரிடம் அழற்சியாகி, நார்த்தன்மையாகி, சிரோசிஸாகி, அங்கிருந்து புற்றுநோய்க்குச் செல்லலாம். அதற்கு நீண்டகாலம் எடுக்கும், வழியில் நிறுத்தவும் முடியும்.

பரிசோதனை உங்கள்மீதுள்ள சந்தேகத்தால் அன்று. ரி.என்.எஃப். முதலிய அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் ஊசிகளைத் தொடங்குமுன் எல்லோருக்கும் காசநோயும் ஹெப்பற்றைற்றிஸ் பியும் பார்க்கப்படும். உடலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிருமிகள், நோயெதிர்ப்பு அடக்கப்படும்போது விழித்தெழலாம். தொற்று இருப்பது தெரிந்தால் அதற்குரிய குளிசையை முதலில் கொடுத்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி சேர்க்கப்பட்டது 2003இல். அதற்கு முன் பிறந்த எங்களுள் பலருக்கு அந்தத் தடுப்பூசி கிடைத்திருக்காது.

ஈரல் புற்றுநோய்க்குச் சொராஃபெனிப் குளிசை எடுக்கும் அம்மாவுக்கு மூன்றாவது கிழமையில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, உரிகின்றன. அயலவர் இது சோரியாசிஸ் என்கிறார்கள். வீட்டிலிருந்த ஸ்ரெரொயிட் கிறீமைப் பூசலாமா?
— வாசகர், மானிப்பாய்

இது சோரியாசிஸ் அன்று, அம்மா எடுக்கும் குளிசையின் அறியப்பட்ட பக்கவிளைவு. முதல் ஆறு கிழமைக்குள் வருவதே வழக்கம். செருப்பு அழுத்தும் இடத்திலும், கத்தியோ அகப்பையோ பிடிக்கும் இடத்திலும் கூடுதலாகத் தடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். புற்றுநோய்ப் பிரிவுக்கு இன்றோ நாளையோ அறிவியுங்கள். அளவைச் சிறிது குறைத்தோ, சில நாட்கள் இடைவிட்டோ திரும்பத் தொடங்க அவர்களுக்கு முறைகள் உண்டு. நடக்க முடியாத அளவு வலித்தால் காத்திருக்கவே வேண்டாம். பிள்ளைகளாக யோசித்துக் குளிசையை முற்றாக நிறுத்தவும் வேண்டாம். இருக்கும் கிறீமை அவர்களிடம் காட்டிக் கேட்கும்வரை பூசவேண்டாம். யூரியா கலந்த கிறீமை அவர்களே எழுதித் தரக்கூடும். அதுவரை சுடுதண்ணீரில் கை வைக்காமல், மெத்தென்ற செருப்பும் பருத்திக் காலுறையும் போட்டு, சமையலடியிலிருந்து அம்மாவைச் சில நாட்கள் விலக்கிவையுங்கள். தேங்காய் துருவும் வேலையை வேறு யாராவது பொறுப்பெடுங்கள்.